ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து ஊசிகள்

வியாழன் இரவு
முப்பத்தெட்டாவது மேசைவிரிப்பைக் கணக்கில் ஏற்றும்போது
அணைந்தது.
மறுபடி போட்டேன். விசிறி சுற்றியது.
திரை மட்டும்
கூப்பிட்டால் வராத பூனை.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
செயலியைச் சுற்றி நின்ற மின்தேக்கிகளில்
நான்கு தலை வீங்கியிருந்தன.
ஒன்று பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது,
காப்பிக் கறை மாதிரி. கறை எனக்குத் தெரியும்.
எதிர்வீட்டு இவோனிடம் பவர் சப்ளை இரவல் வாங்கி மாட்டினேன்.
ராமின் பல்லை ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
இரண்டின் மீதும் குற்றமில்லை.
போனது மதர்போர்டுதான்.

கண்ணாடிக் கடையில்
சென்ட் மணத்த பையன் பணிவாகச் சொன்னான்:
இந்தப் பலகை இப்போது வருவதில்லை, செஞோரா.
புதுசு எடுத்தால் செயலியும் புதுசு.
அந்தச் செயலிக்கு உங்கள் ராம் சேராது.
எதற்கும் பவர் சப்ளையும் மாற்றிவிடலாமே.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்:
பதினாலாயிரம் பேசோ.
அங்குசம் வாங்கப் போனவளிடம்
யானைக்கு விலை சொல்லி அனுப்பினான்.

என்னிடம் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு.
அதில் எரிவாயு உருளைக்கு ஆயிரத்து நூறு.
ஜூலையில் குளிர் கடன் சொல்லாது.

ஞாயிறு, த்ரிஸ்தான் நர்பாஹா தெரு.
அக்குளில் வெந்நீர்க் குடுவையோடு
மொந்தேவிதேயோ பாதி அங்கேதான் நடந்தது.
துருப்பிடித்த சாவிகள், முயல்குட்டிகள்,
ஒற்றைக் காலுக்கான பனிச்சறுக்குச் சப்பாத்து
(இந்த நாட்டில் பனியே கிடையாது).
மூலையில் வில்மார், போர்வை விரித்து
பலகைகளை மீன் போல அடுக்கியிருந்தார்.

நீலப் பலகை அழகு. நான்கு ராம் பள்ளம்.
அளவுநாடா வேண்டாமென்றது: என் பெட்டிக்குள் அடங்காது.
கறுப்பு, எழுநூறு பேசோதான். சந்தேகம் விலையிலேயே இருந்தது.
சலவைக்கடை உருப்பெருக்கியை எடுத்தேன்.
வெயிலுக்குச் சாய்த்தால்
ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து ஊசிகளும்
ஒரே பக்கம் மின்ன வேண்டும்.
நடுவில் இரண்டு
பள்ளி வரிசையில் திரும்பிப் பேசும் பிள்ளைகள்.
வைத்துவிட்டேன்.

பச்சைப் பலகை சின்னது. ஊசிகள் நேர்.
பின்தகடு இல்லை.
ஒரு யுஎஸ்பி செத்தது என்று அவரே சொன்னார்;
அதற்காகவே கொஞ்சம் நம்பினேன்.
"மற்றபடி வேலை செய்யுமா?"
"செய்தது."
அந்த இறந்தகாலத்துக்கு இருநூற்றைம்பது குறைத்தேன்.
ஆயிரத்து முந்நூற்றைம்பது.
செய்தித்தாளில் சுற்றி, ஓரத்தில் தொலைபேசி எண் எழுதினார்.

இரவு, ஒன்பது திருகும் இறுகியபின்,
திரை வெளுத்தது. நான் கத்தினேன். இவோன் சுவரைத் தட்டினாள்.
கடவுச்சொல் கேட்டது.
யாருடையது?
பெஞாரோல் என்று அடித்தேன். இல்லை.
நாசியோனல். இல்லை.
இந்த ஊரில் மூன்றாவது அணிக்காக உயிர்விடுகிறவன்
யாரென்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.
வில்மாரை எழுப்பினேன்.
"காசு மாதிரி பேட்டரி இருக்கும். எடு.
அஞ்சு நிமிஷம் பொறு. மறந்துபோகும்."

மறந்தது.
இம்முறை தேதி காட்டியது:
2012, ஜனவரி 1.

அந்த வருடம் எனக்குக் கடன் இல்லை.
சலவை இயந்திரமே இல்லை.
மாத்தே ஒரு மிடறு இறங்கும்வரை
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கூட்டல் விசை.
ஓர் அழுத்தலில் வங்கி.
இன்னும் மூன்றில் ரூபன் பெட்டி கட்டியது.
இறக்கிவைத்த கடைக்கதவு, இரண்டு அழுத்தல்.
விரல் வேகத்தில் இந்த வருடத்தையும் தாண்டிவிட்டது.
அங்கே என்னவென்று பாராமல்
கழித்தலை ஒருமுறை தொட்டேன்.

வலது மூலையில் விண்டோஸ்
என்னை யாரென்று தெரியாது என்கிறது.
சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

முப்பத்தெட்டு. வெள்ளை. வைன் கறை.
இருமுறை அலசியது.